பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது திருப்பதியில் ஒரு லாட்ஜில், ரூம் காலியாகட்டும் என்று காத்திருந்தபோது. மலைக்குப் புறப்பட்ட ஒரு பெரியவர், கையிலிருந்த பாட்டிலின் மிச்சத் தண்ணீரை ரிசப்ஷன் மேசைமேல் இருந்த சின்னச் செடித்தொட்டியில் கவிழ்த்தார். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் பெருமூச்சு விட்டாள். நடந்தது அவ்வளவுதான். மீதியை நான்தான் செய்தாக வேண்டும். அதை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

2

முதல் வரிக்குச் சில முயற்சிகள் (மேசைக்குப் பின்னாலிருந்தவள்தான் வசந்தா):

வசந்தாவின் புருஷன் போய்ச் சேர்ந்த அன்று
(வேண்டாம். அவர் சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனியில் நன்றாகவே இருக்கிறார்.)

சின்ன வயதிலிருந்தே வசந்தாவுக்குச் செடிகள் என்றால்
(பொய். செடிகளைப் பற்றி அவள் ஒன்றும் நினைத்ததில்லை.)

வசந்தாவுக்கு உண்மையில் இருப்பது முழங்கால் வலி. விடியலில் சித்தூரில் பஸ் ஏறி வருகிறாள். இத்தனை வருஷம் அந்த லாட்ஜின் மாடிகளில் பெட்ஷீட் சுமந்து ஏறி இறங்கியவள். ரிசப்ஷனில் இருந்த பெண் கல்யாணமாகிப் போனதும், அந்த நாற்காலி இவளுக்கு வந்தது. உட்கார்ந்து செய்யும் வேலை. இந்தக் கதையில் அவளுக்கு வேண்டியது அந்த நாற்காலி மட்டும்தான்.

3

நாற்காலியோடு சேர்ந்து செடிகளும் வந்தன. முதலாளியின் மருமகள் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து மேசைமேல் வரிசையாக வைத்த சக்குலென்ட் செடிகள். இலைகளிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஜாதி. வசந்தா அவற்றுக்குக் குண்டுச்செடி என்று பேர் வைத்தாள். ஒவ்வொன்றாக இலை கண்ணாடிபோல் வெளிறி, தொட்டால் கொழகொழவென்று கழன்று விழுந்தன. கடைசியில் ஒரே ஒரு தொட்டி நின்றது.

மேனேஜர் ஹரிபாபு மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஏமம்மா வசந்தா, மறுபடியும் தண்ணி ஊத்தினியா?"

"சத்தியமா நான் ஊத்தல சார்."

"நீ ஊத்தாம ஈரம் எப்பிடி வரும்? ஆகாசத்துல இருந்து வந்துச்சா? பெங்களூர் அம்மா அடுத்த மாசம் வராங்க. இதுவும் போச்சுன்னா நீ மேலயே போயி பாப்பாத்தி கூட ரூம் வேல பாத்துக்கோ."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் அந்தச் செடிகளுக்கு ஒரு சொட்டுக்கூட ஊற்றியதில்லை.*

* ஊற்றினாள் என்று முதலில் எழுதினேன். அவளைக் குற்றவாளியாக்கினால் கதை சுலபமாக நகரும். மனசு வரவில்லை.

4

அன்று முழுக்க அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலைமேல் பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. அதனால் புறப்படும்போதே எல்லோரும் இங்கே பாட்டிலைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் பெருமாளைப் பார்க்கப் போகிற நேரத்தில் குடிதண்ணீரைச் சாக்கடையில் கொட்ட யாருக்கு மனசு வரும்? ஆளாளுக்கு ஒரு வாய் செடிக்கு ஊற்றினார்கள்.

"ஊத்தாதீங்கம்மா, அழுகிப் போவுது," என்றாள் வசந்தா, அரக்கோணத்திலிருந்து வந்த ஓர் அம்மாளிடம்.

"இன்னாம்மா நீ, வாடிக்கினு கீது பாரு, தாகம் அதுக்கு! கொஞ்சூண்டு ஊத்தினா இன்னா ஆயிடும்? புண்ணியம் தானே."

தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டினாள். நின்று படித்தார்கள். தலையாட்டினார்கள். "கொஞ்சம்தான்" என்று ஊற்றினார்கள். தண்ணீருக்கென்று ஒரு பக்கெட் வைத்தாள். அதில் டீ கப்புகள் சேர்ந்தன. தொட்டியை உள்ளே எடுத்து வைத்தால், "அம்மா வீடியோ கால்ல கேக்கறாங்க, மேசைமேலயே இருக்கணும்" என்று ஹரிபாபு திரும்ப வைத்தார்.

5

(இங்கே ஒரு சின்னக் கட்டுரை. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.)

தண்ணீர் அதிகமானால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீரிலேயே நிற்கும் செடி தாகத்தில் வாடுவதுபோல் தெரியும். பார்ப்பவர் இரக்கப்பட்டு இன்னும் ஊற்றுவார். இரக்கம்தான் வியாதியே.

பாப்பாத்தியின் போனில் ஒரு தெலுங்கு வீடியோ பார்த்து இருவரும் வைத்தியம் செய்தார்கள். செடியைப் பிடுங்கி, ஈரமண்ணை உதறி, கறுத்துக் கொழகொழத்த வேர்களைப் புது பிளேடால் நறுக்கினார்கள். வெட்டுவாய் காயும்வரை சில நாள் மாடிப்படிக்கடியில் நிழலில் பேப்பர்மேல் கிடத்தினார்கள். ("கழுவப் போயிருக்கு சார்" என்று ஹரிபாபுவிடம் பாப்பாத்தி அளந்துவிட்டாள்.) பிறகு பக்கத்துக் கட்டடத்து மணலும் செங்கல் ஜல்லியும் கலந்து, அடியில் ஓட்டை போட்ட தொட்டியில் நட்டார்கள்.

"இப்ப தண்ணி?" என்றாள் வசந்தா.

"ஒரு வாரம் கூடாதாம். அப்புறமும் மண்ணு நல்லாக் காஞ்சாத்தானாம்."

"அதுவரிக்கும் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. சும்மா இருக்கணும்."

வசந்தா சிரித்துவிட்டாள். "சும்மா இருக்க நமக்கு எங்க தெரியும்க்கா."

(அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் என்கிற பழமொழியை இதுவரை எழுதாமல் இருந்ததற்கு என்னை நீங்கள் பாராட்டலாம். எழுதிவிட்டேன்.)

6

இன்று முதலாளியின் மருமகள் வருகிறாள். செடியின் நடுவில் உளுந்து அளவுக்கு ஒரு புது இலை. இத்தனை நாளும்போல இன்றும் காலையிலிருந்து பக்கத்தில் நின்று வசந்தா காவல் காத்தாள். ஒருவர் பாட்டிலைக்கூடச் சாய விடவில்லை.

முடிவு, முதல் வகை: மருமகள் புது இலையைப் பார்த்து மகிழ்கிறாள். நாற்காலி நிலைக்கிறது. (எழுதிப் பார்த்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது.)

முடிவு, இரண்டாம் வகை: வசந்தா மறுபடி மாடி ஏறுகிறாள். ஒவ்வொரு படிக்கும் (இதை என்னால் முடிக்க முடியவில்லை. கை ஓடவில்லை.)

இரண்டிலும் நான் அவள்மேல் எதையோ ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். இனி ஊற்றப் போவதில்லை. இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

மத்தியானம். முழங்கால் தாங்காமல் வசந்தா உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள். இந்தக் கதையில் அவள் கண்மூடியது இதுதான் முதல் தடவை. வாசலில் மருமகளின் கார் வந்து நிற்கிறது. மேசையருகே மலைக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம். அதில் ஒரு பெண், நல்ல மனசுக்காரி, பாட்டிலின் மூடியைத் திருகிவிட்டாள். பாட்டில் தொட்டியின் பக்கம் சாய்கிறது.

எனக்கு அவளை எழுப்ப மனசில்லை. மேசைக்கு மிக அருகில் இப்போது நிற்பது நீங்கள்தான். முடிந்தால், சத்தம் போடாமல், அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.