டயான் மடிக்காத இலை

ஊரில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் வந்துவிடும்: "அமெரிக்காக்காரிய அவுட்டாக்குன புள்ள." 1982இல் கிடைத்தது. அதைக் காட்டித்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் கிடைத்தது. யாராவது அப்படிச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்வேன். ஜெயக்கொடி எவ்வளவு அடக்கமான பெண் என்று அதற்கும் ஒரு பாராட்டு விழும்.

அந்த அமெரிக்காக்காரியின் பெயர் டயான். பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பாலில் கல்லூரி ஆட்டக்காரி. நாடு முழுக்கச் சலித்தெடுத்து ஒரு சிலருக்கே தரும் 'ஆல் அமெரிக்கன்' விருதை மூன்று தடவை வாங்கியவள். எங்கள் பல்கலைக்கழக அணிக்குப் பத்து நாள் பயிற்சி கொடுக்க வந்திருந்தாள். நான் அணியில் பந்து வீசுகிறவள். கடைசி நாள் மாலை நாலு மணிக்குக் காட்சி ஆட்டம். அவள் எதிரணிக்கு மட்டை பிடிப்பதாக ஏற்பாடு. அன்று மதியம் மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டில் அவளுக்கு விருந்து.

என் அம்மா அன்னக்கொடிக்கு விருந்து என்று வந்துவிட்டால் கை நிற்காது. வெடக்கோழிக் குழம்பு, கோலா உருண்டை, ஈரல் வறுவல். டயான் எனக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இலையில் மிச்சம் வைத்தால் வீட்டாருக்கு அவமானம் என்று யாரோ அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வழித்துச் சாப்பிட்டாள். வெற்று இலையைப் பார்த்தால் அம்மாவுக்குப் பொறுக்காது. மறுபடி வைத்தாள். இவள் சாப்பிட்டாள். அவள் வைத்தாள்.

இலையை மடித்துவிடு, அம்மா விட்டுவிடுவாள் என்று சொல்லுமளவு எனக்கு ஆங்கிலம் தெரியும். முதல் இரண்டு தடவை வேடிக்கையாக இருந்தது, சொல்லவில்லை. மூன்றாவது தடவை நாலு மணி ஆட்டம் நினைவுக்கு வந்தது. அதனால் சொல்லவில்லை. இதை எழுதும்போதே வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

மைதானத்துக்கு வந்த பிறகு இரண்டு தடவை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். நான் பார்த்தேன். மட்டையோடு என் எதிரே வந்து நின்றபோது முகம் வெளிறியிருந்தது. மூன்று பந்து வீசினேன். மூன்றுக்கும் மட்டையைச் சுழற்றினாள், ஒன்றும் படவில்லை. சாஃப்ட்பாலில் மூன்று தவறினால் அவுட். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. நிருபர் கேட்டதற்கு, ஜெயக்கொடியின் பந்து நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னாள். வயிற்றைப் பற்றி மூச்சு விடவில்லை. மறுநாள் பேப்பரில் என் படம் வந்தது.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அன்னக்கொடி வீட்டுச் சோற்றைத் தின்று விருந்தாளிக்கு நோவு வந்தது என்று ஊர் பேசும். அம்மாவின் மானத்தைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சாக்கு. ஐந்து வருஷம் தாங்கியது.

போன மாதம் டயானிடமிருந்து கடிதம் வந்தது. அவளுடைய கல்லூரி தன் தலைசிறந்த ஆட்டக்காரர்களின் பலகையில் அவள் பெயரைப் பொறித்து விழா எடுத்திருக்கிறது. மேடையில் அவளுடைய விருதுகளை எல்லாம் அவர்கள் வாசித்து முடித்ததும், விட்டுப்போன ஒன்றை நானே சொல்கிறேன் என்று எழுந்து, மதுரையில் ஜெயக்கொடியிடம் மூன்று பந்தில் தோற்ற கதையைச் சொன்னாளாம். அரங்கமே எனக்காகக் கைதட்டியதாம்.

அம்மா அதைத் தமிழில் வாசிக்கச் சொன்னாள். கைதட்டல் தந்த மிதப்பில், யோசிக்காமல் கடைசி வரியையும் வாசித்துவிட்டேன். உங்கள் அம்மாவைப் போல எனக்கு யாரும் பரிமாறியதில்லை, போதும் என்று எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குக் கடைசிவரை தெரியவில்லை என்று எழுதியிருந்தாள்.

முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"போதும்னா இலைய மடிக்கணும்னு அந்தப் புள்ளைக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியாதும்மா."

"பசிதான்னு நெனச்சில்ல அம்புட்டையும் வச்சேன்." அம்மா என் முகத்தையே பார்த்தாள். "நீ பக்கத்துலதானடி உக்காந்திருந்த?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.