வரிசையில் முன்னால் நின்ற பத்திரிகை

திங்கள்கிழமையிலிருந்து சுப்புலட்சுமி அனுப்பிய மெயில் ஒன்றுகூட ஜெர்மனி போய்ச் சேரவில்லை. ஒரே படத்தை ஒன்பது முறை அனுப்பிப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் ‘அனுப்பியாயிற்று’ என்று அவளுடைய கம்ப்யூட்டர் கூசாமல் சொன்னது. அவள் கம்பெனியிடம் டீ-ஷர்ட் வாங்குகிற ஜெர்மனிக்காரரோ ஒன்றும் வரவில்லை என்று ஃபேக்ஸுக்கு மேல் ஃபேக்ஸாக அடித்துக்கொண்டிருந்தார்.

படம் வேறொன்றுமில்லை, குழந்தைகள் டீ-ஷர்ட்டில் அச்சடித்த ஒரு யானை. யானையின் கலரையும், அது நெஞ்சில் எந்த இடத்தில் விழுகிறது என்பதையும் பார்த்து அவர் சரி சொன்னால்தான் துணியை வெட்டலாம். ஃபேக்ஸில் போட்டால் யானை கரிக்கட்டையாகப் போகும். கூரியரில் போட்டால் நாலைந்து நாளாகும். அவர் கொடுத்த கெடு வெள்ளிக்கிழமை. அன்றைக்குள் படம் வராவிட்டால் ஆர்டரை வேறு கம்பெனிக்கு மாற்றிவிடுவேன் என்று எழுதிவிட்டார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. திருப்பூரில் பாதி கம்பெனிகள் ஃபேக்ஸையே கட்டிக்கொண்டு அழுத காலம். எல்லார் மெயிலையும் வாங்கி அனுப்ப நமக்கென்று ஒரு மெயில் சர்வர் வேண்டும் என்று முதலாளியிடம் வாதாடி வாங்கவைத்தவள் சுப்புலட்சுமிதான். இப்போது எல்லாம் அவள் தலையில் வந்து விடிந்தது. புரொடக்ஷன் மேனேஜர் வேலுமணிக்கு அந்தச் சர்வரை முதலிலிருந்தே பிடிக்காது.

“ஏம்மா, வர்ற மெயிலெல்லாம் ஜம்முனு வருதில்ல? லைன் நல்லாத்தான இருக்குது? அப்ப நீ அனுப்பலைன்னுதான அர்த்தம்?” என்றார்.

“அனுப்புனேனுங்கண்ணா.”

“ஆர்டர் போச்சுன்னா மொதலாளிகிட்ட நான் மறைக்க மாட்டேன். நீ வேற எடம் பார்த்துக்க வேண்டியதுதான்.”

வேறு இடமாம். ஊரோரம் மண்ணரையில் அவள் வீட்டில் அடுப்பு எரிவது இந்தச் சம்பளத்தில்.

வியாழக்கிழமை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். விலாசத்தை எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. படமில்லாமல் வெறும் இரண்டு வரி அனுப்பினாள், அதுவும் சேரவில்லை. இன்டர்நெட்டில் இலவசமாகத் திறந்து வைத்திருந்த தன்னுடைய சொந்த மெயில் பெட்டிக்கே ஒன்று போட்டுப் பார்த்தாள், வரவில்லை. ஆக, ஜெர்மனிக்காரர் மேலும் குற்றமில்லை, யானை மேலும் குற்றமில்லை. கோயமுத்தூரில் இன்டர்நெட் இணைப்புக் கொடுத்த ஆபீஸுக்குப் போன் போட்டாள்.

“உங்க சர்வர்ல இருந்து திங்கக்கிழமைக்கு அப்புறம் எங்களுக்கு ஒண்ணுமே வரலீங்க. அங்கியேதான் வரிசைல எதுவோ அடைச்சுட்டு நிக்குது. சர்வர்ல போய்ப் பாருங்க” என்றார் அங்கிருந்தவர்.

சர்வரைப் பார்க்க முதலாளியின் அறைக்குள் போக வேண்டும். கம்பெனியில் ஏசி இருந்த ஒரே அறை அதுதான். அறை பூட்டியிருந்தது, சாவி முதலாளி சாமியப்பன் சட்டைப் பையில் இருந்தது, சாமியப்பனோ மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கக் காங்கேயம் பக்கம் போயிருந்தார். பூட்டிய அறைக்குள் சர்வர் பாட்டுக்கு மணிக்கொரு தரம் தானே போன் போட்டு, வருவதை வாங்கிக்கொண்டு, போவதை அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, இன்னொரு கட்டுப் பத்திரிகை எடுத்துப்போக அவர் வந்தார். அவர் அறையைத் திறந்ததும் சுப்புலட்சுமி பின்னாலேயே நுழைந்தாள். புகார் சொல்ல வேலுமணியும் நுழைந்தார்.

சர்வரின் திரையில் வரிசையைத் திறந்தாள். ஐம்பத்திரண்டு மெயில் நின்றன. முன்னால் நின்ற பதினொன்றும் ஒவ்வொன்றும் ஏழு எம்பி. அதில் ஒன்று போகவே இரண்டு மணி நேரம் ஆகும். போன் லைன் கால் மணி நேரத்தில் அறுந்துவிடும். அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. சந்துக்குள் சோளத்தட்டு ஏற்றிய மாட்டுவண்டி மாட்டிக்கொண்டால் பின்னால் சைக்கிள்கூடப் போக முடியாதே, அந்தக் கதைதான்.

அனுப்பியவர் பேரை அவள் இரண்டு தரம் படித்தாள்.

“பெரிய ஃபைலா முன்னால நிக்குதுங்க” என்று மட்டும் சொன்னாள்.

“எந்த மடையன் போட்டான் இதை?” என்றார் வேலுமணி. “மொதல்ல அவனைப் புடிச்சு வெளிய அனுப்போணுங்க.”

சாமியப்பன் கண்ணாடியை மாட்டிக் குனிந்து படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“நான்தான் வேலு.”

வேலுமணி ஏசியை அண்ணாந்து பார்த்தார்.

“திங்கக்கிழமை நம்மகிட்ட சரக்கு வாங்கற பையர் பதினோரு பேருக்கும் மெயில்ல பத்திரிகை போட்டேன்” என்றார் சாமியப்பன். “மொதல்ல ஸ்கேன் பண்ணுனதுல பிள்ளையார் மூஞ்சி தெளிவா வரல. அதான் இருக்கறதுலயே பெரிய அளவா வெச்சுப் பண்ணுனேன்.”

சுப்புலட்சுமியின் விரல் அழிக்கிற பொத்தானுக்குப் போயிற்று.

“அழிக்கப் போறியா அம்மிணி? புள்ளை கல்யாணப் பத்திரிகை. அழிக்கறதுன்னா மனசுக்கு ஒரு மாதிரி இருக்குதே.”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் பழியைச் சுமந்தது யார்? ஆனால் கேட்டது முதலாளி இல்லை, கல்யாணப் பெண்ணின் அப்பன். அந்த முகத்தைப் பார்த்தபின் அழிக்கக் கை வரவில்லை.

“அழிக்க வேண்டாங்க. பத்திரமா வேற எடத்துல எடுத்து வெச்சுப்போட்டு, மத்ததை அனுப்பீறலாம்.”

‘கல்யாணம்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டாள். பதினொன்றையும் அதற்குள் நகர்த்தினாள். மோடம் கீச்சிட்டுக் கத்தி லைனைப் பிடித்தது. நாற்பத்தொன்று நாற்பதாயிற்று, முப்பதாயிற்று. நடுவில் ஒன்பது யானைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போயின. லைன் அறுவதற்குள் வரிசை காலி.

மூன்று மணிக்கு ஃபேக்ஸில் பதில் வந்தது. யானை நன்றாக இருக்கிறது, வெட்டலாம், ஆனால் ஒன்பது யானை எதற்கு என்று கேட்டிருந்தார். வேலுமணி தாளைப் பிடுங்கிக்கொண்டு கட்டிங்குக்கு ஓடினார். பதில் வரும்வரை காத்திருந்த சாமியப்பனும் “செரி அம்மிணி” என்றதோடு பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு காரேறிவிட்டார்.

வேலை பிழைத்தது, மனசுதான் ஆறவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? சாயங்காலம் வெளியே வரும்போது நோட்டீஸ் பலகையைப் பார்த்தாள். தொழிலாளிகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பத்திரிகை, நாலு மூலையிலும் பசை தடவி ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து தட்டு வைத்து அழைப்பதெல்லாம் சொந்தக்காரர்களுக்கும், சமமாகத் தொழில் செய்கிறவர்களுக்கும்தான். அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்ணரையில் தண்ணீர்க் குழாயடியில் ஒரு கார் வந்து நின்றது. சந்துக்குள் கார் நுழையாது. சாமியப்பனும் அவர் வீட்டம்மாவும் இறங்கி, தேங்காய், வெற்றிலை பாக்கு வைத்த தட்டோடு நடந்தே வந்தார்கள். சுப்புலட்சுமியின் அப்பாவையும் அம்மாவையும் சேர்ந்து நிற்கச் சொல்லித் தட்டை நீட்டினார்கள். அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

பத்திரிகையின் மேல் அப்பா பேருக்குக் கீழே சுப்புலட்சுமியின் பேரையும் மையால் எழுதியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தப்பு என்னுதுன்னு வேலுமணிகிட்டச் சொல்லிப்போட்டேன் அம்மிணி” என்றார் சாமியப்பன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இதையும் மெயில்ல போட்டிருப்பேன். நடுவுல எங்கியாச்சும் நின்னு போச்சுன்னா என்ன பண்றது? அதான் நேர்லயே வந்தோம்.”