ஏழு வரியில் அடங்காத ஓட்டுநர்

1

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதை எந்த அகத்தூண்டுதலிலும் பிறக்கவில்லை. ஒரு சட்ட வார இதழின் பதினோராம் பக்கத்தில் கீழே கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தது. அதனால் பிறந்தது.

அந்தப் பக்கத்துக்கு ‘உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம்: அண்மைத் தீர்ப்புகள்’ என்று தலைப்பு. அதை எழுதுகிறவர் ஒரு நடுவயதுக்காரர். தலையணை கனத்துக்கு ஒரு தீர்ப்பைக் கொடுத்தால் ஏழு வரியாகப் பிழிந்து கொடுப்பார். அலுவலகத்தில் அவருக்குச் ‘சுருக்கம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. (“சுருக்கம் சாப்பிட்டாச்சா?” “சுருக்கம் இன்னிக்கு லீவு.”) இதை எழுதிக்கொண்டிருப்பவரும் அவரேதான். மேல்முறையீட்டாளர், எதிர்மனுதாரர் என்றே எழுதிப் பழகிய கைக்கு ‘நான்’ என்று எழுத வரவில்லை. ஒரு தடவை எழுதிப் பார்த்தார். யாரோ குறுக்கு விசாரணைக்கு எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது. ஆகவே ‘அவர்’. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் நாலு தீர்ப்புகள். பக்கத்து வீட்டுக்காரர் சாக்ஸபோன் வாசிப்பது தொல்லையா கலையா என்று ஒன்று (மதியம் தொல்லை, மாலையில் கலை). பொதுச்சுவரில் ஆணி அடிக்கும் உரிமை பற்றி ஒன்று. பற்பசை விளம்பரம் பற்றி ஒன்று. நாலாவது, ஒரு பேருந்து ஓட்டுநர் பற்றியது. பயணி ஒருவர் மயங்கி விழுந்ததும், வழித்தடத்தை விட்டு விலகி, ஆட்களோடு பேருந்தை நேரே மருத்துவமனைக்கு விட்டிருக்கிறார். போகிற வழியில் ஒருவழிப்பாதையில் எதிராகப் போனது, மருத்துவமனை வாசற்கதவை இடித்தது எல்லாம் உண்டு. நிறுவனம் வேலையை விட்டு நீக்கியது. கீழே இரண்டு நீதிமன்றங்கள் நீக்கியது சரி என்றன. உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தவறு என்றது: வழித்தடம் வண்டிக்குத்தான், வண்டிக்குள் இருக்கும் உயிர் அதற்கு மேல். பயணி மறுநாள் இறந்துபோனது இந்தக் கேள்விக்குத் தொடர்பற்றது. மேல்முறையீட்டாளரை மீண்டும் ஓட்டுநராக அமர்த்த வேண்டும்.

இதை எழுதிய பிறகும் இடம் மிஞ்சியது. இதழாசிரியர் அம்மா வந்து எட்டிப் பார்த்து, இந்த வழக்கு உருக்கமாக இருக்கிறதே, ஆண்டு மலருக்குக் கதையாக எழுதினால் என்ன என்றார். அவர் மனதில் வைத்துச் சொன்னது அடுத்த மேசைக்காரரை. கதை எழுதத் தெரிந்தவர் அவர்தான். ஆனால் அவர் அன்று வரவில்லை. சுருக்கம் அதற்குள் தலையாட்டிவிட்டிருந்தார்.

2

முதல் தொடக்கம்:

“மழை பேயாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கை இறுகப் பற்றிய அந்த இரும்புக் கரங்கள்—”

அன்று வானம் தெளிவாக இருந்தது என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. மழை நின்றது. மழை போனதும் இரும்புக் கரங்களுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

இரண்டாம் தொடக்கம்:

“அவன் வெறும் ஓட்டுநன் அல்லன், காலத்தின்—”

இந்த வாக்கியம் எங்கே போகிறது என்று எழுதியவருக்கே தெரியவில்லை. அதுவும் வழித்தடத்தை விட்டு விலகிவிட்டது.

மூன்றாம் தொடக்கம்:

“மேல்முறையீட்டாளர் காலையில் எழுந்து பல் துலக்கினார்.”

இதை அவர் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். “பல் துலக்கினதை எதிர்த்தும் அப்பீல் போட்டிருக்காங்களா?” என்று கேட்டார். பிறகு, உட்கார்ந்து கற்பனை செய்வதை விட்டுவிட்டு அந்த ஆளையே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். சுருக்கத்துக்கு இது தோன்றவே இல்லை. இத்தனை வருடத்தில் அவர் ஒரு மேல்முறையீட்டாளரைக்கூட உயிரோடு பார்த்ததில்லை.

3

ஓட்டுநரும் அவர் மனைவியும் நீதிமன்றத்துக்குப் பின்தெருவில் சலவைக்கடை வைத்திருந்தார்கள். கடை முழுக்க வழக்கறிஞர்களின் கறுப்பு அங்கிகள், கழுத்து இல்லாத ஆட்கள் மாதிரி வரிசையாகத் தொங்கின. இவர் நினைத்து வைத்திருந்த வீரர் உள்ளே நீராவி இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு சட்டைக் காலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். முன்வழுக்கை. கரங்கள் பஞ்சு மாதிரி இருந்தன. நீராவியில் ஊறிய கைகள்.

பேசியது முழுக்க அந்த அம்மாள்தான். வழக்கை நடத்தியதும் அவர்தானாம். வேலை போன புதிதில் ஓட்டுநர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள்தான் வழக்கறிஞரைத் தேடிப் பிடித்தார். காத்திருக்கிற நேரத்தில் அந்த வழக்கறிஞரின் அங்கி கசங்கியிருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், கொடுங்க, தேய்த்துத் தருகிறேன் என்று வாங்கிப் போனார். மறுவாரம் இன்னும் இருவர் கொடுத்தார்கள். முதல் நீதிமன்றத்தில் தோற்றபோது மேசை ஒன்று வாங்கினார்கள். இரண்டாவதில் தோற்றபோது கடை பிடித்தார்கள். இப்படி வழக்கு, வேலையைத் திருப்பித் தருவதற்கு முன்பே, ஒரு பிழைப்பைக் கொடுத்துவிட்டது.

(இந்த இடத்தில் ‘விதியின் விளையாட்டு’ என்று ஒரு பத்தி இருந்தது. நீங்கள் எதையும் இழக்கவில்லை.)

“இவருக்கு வாயே கிடையாது சார். நான் மட்டும் விட்டிருந்தேன்னா, தப்பு செஞ்சவர்னே எல்லாரும் பேசிக்கிட்டிருப்பாங்க” என்றார் அந்த அம்மாள். வருகிற திங்கட்கிழமை பணிமனைக்கு வரச் சொல்லி நிறுவனத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். புதுச் சீருடை தைத்தாகிவிட்டது. ஓட்டுநர் வண்டியை எடுக்கும்போது தெருவே வந்து பார்க்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஆசை. கதையில் அதைத்தான் கடைசியில் வைக்க வேண்டும் என்றார். சுருக்கம் அப்படியே வைப்பதாக வாக்குக் கொடுத்தார்.

4

அந்த அம்மாள் இரண்டு அங்கிகளைக் கொடுத்துவிட்டு வரத் தெருமுனைக்குப் போனார். ஓட்டுநர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அதுவரைக்கும் வாய் திறக்காதவர், ஒரு சந்தேகம் கேட்கலாமா என்றார்.

“அந்தத் தீர்ப்பை வேண்டாம்னு திருப்பிக் கொடுக்க முடியுமா சார்?”

சுருக்கம் பதறிப்போய்ச் சட்டம் பேச ஆரம்பித்தார். அது இறுதித் தீர்ப்பு, அதற்கு மேல் நீதிமன்றம் கிடையாது என்றார்.

“அதான் பயமா இருக்கு” என்றார் ஓட்டுநர்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மயங்கி விழுந்தது தினமும் அவர் வண்டியில் ஏறுகிற பெண். அலுவலகத்துக்குப் போகிறவள். ஏறும்போது அவரைப் பார்த்து லேசாகத் தலையசைப்பாள், பேர்கூடத் தெரியாது. அன்று வண்டிக்குள், இருக்கைகளுக்கு நடுவே நடைபாதையில் அப்படியே சரிந்துவிட்டாள். வண்டி நிறைய ஆள்.

“அந்தப் பொண்ணு கீழே படுத்திருக்கு. சுத்தி அத்தனை பேரும் நிக்கிறாங்க. வேகமாப் போனா எல்லாரும் அது மேல விழுவாங்க. மெதுவாப் போனா நேரம் போயிடும். நான் பாதி வேகத்துல போனேன் சார். அது சரியா தப்பான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியல. மூணு கோர்ட்லயும் வழியைத்தான் கேட்டாங்க. வேகத்தை யாரும் கேக்கல.”

அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியிலும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் யாரோ படுத்திருக்கிற மாதிரி இருக்கிறதாம். மனைவியிடம் சொல்லலாமே என்றார் சுருக்கம். ஓட்டுநர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“அவ ஜெயிச்சிட்டா சார். அதைப் போய் நான் எப்படித் தோக்கடிக்கிறது?”

நீங்கள் எழுதுகிறவர், பக்குவமாக எடுத்துச் சொல்வீர்கள், நீங்களே சொல்லிவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். அதற்குள் அந்த அம்மாளின் செருப்புச் சத்தம் கேட்டது. சுருக்கம் அவசரமாக இவருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார். ஒரே கடையில், ஒரே மணி நேரத்தில், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இரண்டு வாக்குகள். இதற்கு முன்தீர்ப்பு எதுவும் அவர் நினைவில் இல்லை.

5

வீட்டுக்கு வந்ததும் மனிதர் சும்மா இருந்திருக்க வேண்டும். முடிவுகளை எழுத ஆரம்பித்தார்.

முடிவு அ: ஓட்டுநர் ஏறுகிறார், எஞ்சின் உறுமுகிறது, தெருவே கைதட்டுகிறது. (ஓட்டுநர் படித்தால் என்ன நினைப்பார்?)

முடிவு ஆ: ஓட்டுநர் உண்மையைச் சொல்கிறார், அம்மாள் விம்முகிறார், இருவரும்— (அந்த அம்மாள் விம்முகிற ஆளா? அவரைப் பார்த்தால் நீதிபதிதான் விம்முவார்.)

முடிவு இ: பணிமனையில் அன்று பார்த்து எல்லாப் பேருந்துகளும் பழுது. (வெட்கம்.)

முடிவு ஈ: கதாசிரியர் இடையில் புகுந்து, வாழ்க்கை என்பது ஒரு மேல்முறையீடு என்று— (இதை எழுதிய பேனாவை மாற்றியாகிவிட்டது.)

இந்த நாலையும் அவர் மனைவி வரிசையாகப் படித்தார்.

“அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“கதையில பக்குவமா வருது.”

“கதை எப்ப வரும்?”

“அடுத்த மாசம்.”

“திங்கக்கிழமை எப்ப வரும்?”



6

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுருக்கம் கடைக்குப் போனார். அந்த அம்மாள் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் அங்கிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாக்கியம் கடை வாசலில் இவரைக் கைவிட்டது. வேறொன்று வந்தது. தீர்ப்பு என்பது ஒரு பக்கம், அதை நிறைவேற்றுவது என்பது வேறு பக்கம், சில நேர்வுகளில் தீர்ப்பின் பயனைப் பெறுபவரே, அவருடைய மனநிலையைக் கருத்தில் கொண்டு, மேற்படி பயனை—

“என்ன சார் சொல்றீங்க?” என்றார் அந்த அம்மாள்.

சுருக்கம் மறுபடியும் தொடங்கினார். இந்தத் தடவை இன்னும் நீளமாகப் போயிற்று. ஆயுளில் முதல்முறையாக ஒரு விஷயத்தை அவரால் சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை. வியர்த்து ஊற்றியது. ஓட்டுநர் பார்த்துக்கொண்டே இருந்தார். இரக்கப்பட்டாரோ, எரிச்சல்பட்டாரோ, கையிலிருந்த உறையைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க விடுங்க சார்” என்றார். மனைவி பக்கம் திரும்பி, “எனக்கு ஓட்டப் பயமா இருக்கு” என்றார்.

அவ்வளவுதான். அரை வரிகூட இல்லை.

அந்த அம்மாள் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். விம்மவில்லை. எவ்வளவு நாளாக என்று கேட்டார்.

“அன்னிலேர்ந்தே.”

“இதை என்கிட்ட சொல்லல. இவர்கிட்ட சொல்லியிருக்கீங்க” என்றார். ‘இவர்’ என்று சொன்னபோது சுருக்கத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அந்த அம்மாள் விட்ட இடத்திலிருந்து சீருடையைத் தேய்க்கத் தொடங்கினார். கை மடிப்பு, பை, பித்தான் வரிசை. தேய்த்து முடித்து, கம்பியில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

“நீங்க கிளம்புங்க சார். நாங்க பேசிக்கிறோம்.”



7

திங்கட்கிழமை சுருக்கத்தை யாரும் கூப்பிடவில்லை. ஆண்டு மலருக்காக என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போய், பணிமனையின் கம்பி வேலிக்கு வெளியே, ஒரு விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். துணிச்சலான புலனாய்வு என்று நீங்கள் எடுத்துக்கொள்ள விரும்பினால் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

இருவரும் வந்தார்கள். ஓட்டுநர் சீருடையில் இருந்தார். தெரு எதுவும் கூட வரவில்லை. பணிமனை மேலாளர், இந்த வழக்குக்கெல்லாம் பிறகு வேலைக்குச் சேர்ந்த சின்ன வயதுக்காரர், மரியாதையாகக் கைகுலுக்கினார். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறவர்கள் முதலில் உள்ளேயே ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டுமாம். காலிப் பேருந்து ஒன்றைக் காட்டினார். ஓட்டுநர் அதன் முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்க நினைத்து, பார்க்காமல் விட்டார்.

பிறகு ஓட்டுநர் ஏறினார். அந்த அம்மாளும் பின்னாலேயே ஏறினார். மேலாளர் ஓடிவந்து, வெளியாட்கள் ஏறக் கூடாது என்பது போல ஏதோ சொன்னார். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்ததோடு அந்த வாதம் முடிந்தது. அவர் இருக்கையில் உட்காரவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் நடைபாதையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எஞ்சின் உயிர் பெற்றது. வண்டி நகரவில்லை. கண்ணாடி வழியே ஓட்டுநரின் தோள்கள் தெரிந்தன. இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. அப்போது அந்த அம்மாள் குனிந்து, அவர் காதருகே ஏதோ சொன்னார்.

வண்டி நகர்ந்தது. மெதுவாக, பாதி வேகம்கூட இல்லை. டீசல் தொட்டியைத் தாண்டி, கழுவுமிடத்தைச் சுற்றி, பழைய டயர் குவியலை ஒட்டி, முழுச் சுற்று. அந்த அம்மாள் கடைசிவரை நின்றுகொண்டேதான் வந்தார், விழவில்லை. கிளம்பிய இடத்திலேயே, கோட்டுக்குள் பிசகாமல் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார் ஓட்டுநர். இறங்கினார். சாவியை மேலாளர் கையில் வைத்து, வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னார். சின்ன வயதுக்காரர் திகைத்துப்போனார். அவருக்கு இப்போது யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஆணை முழுமையாக நிறைவேறியிருந்தது, ஒரே ஒரு சுற்றுக்கு.

இருவரும் வெளியே வந்தார்கள். ஓட்டுநரின் சீருடை முதுகு முழுக்க நனைந்திருந்தது. அந்த அம்மாள் அதைக் கண்டு, எவ்வளவு கஷ்டப்பட்டுத் தேய்த்தது என்று வைதுகொண்டே நடந்தார். ஓட்டுநர் சிரித்தார். அவர் சிரித்துச் சுருக்கம் பார்த்தது அதுதான் முதல்முறை.

8

கதை முடிந்துவிட்டது போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாள் காதருகே சொன்ன அந்த ஒரு வாக்கியம் கையில் இல்லை. அந்த நேரத்தில் சுருக்கம் நின்ற இடத்துக்கு எஞ்சின் சத்தம் மட்டும்தான் வந்தது. சும்மா விடுவாரா, எழுதிப் பார்த்தார்.

“பயப்படாதீங்க, நான் இருக்கேன்.” (யாரும் சொல்வதுதான். அந்த அம்மாள் யாரோ அல்ல.)

“நீங்க அன்னிக்குப் போன வேகம் சரிதான்.” (அவருக்கு எப்படித் தெரியும்? யாருக்குத்தான் தெரியும்?)

“இஷ்டமில்லேன்னா இறங்கிடலாம்.” (அப்படியானால் வண்டி ஏன் நகர்ந்தது?)

வெட்கத்தை விட்டு, ஒரு வாரம் கழித்துக் கடைக்கே போய்க் கேட்டார். ஓட்டுநர் நீராவிக்குப் பின்னால் ஏதோ ராகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஒரு அங்கியை மடித்துக்கொண்டே, எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளலாம், தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். “அது மட்டும் எங்களுக்கு சார்.”

மேல்முறையீடு செய்ய வழியில்லை. ஆகவே அந்த வாக்கியம் இருக்க வேண்டிய இடம் கீழே காலியாக இருக்கிறது. நீங்கள் அன்று வேலிக்கு உள்ளே நின்றிருந்தால் உங்களுக்குக் கேட்டிருக்கும். கேட்டது எதுவோ அதை எழுதிக்கொள்ளுங்கள். நீளமாக வேண்டாம், வாயசைவு கொஞ்ச நேரம்தான் இருந்தது. எழுதிய பிறகு சுருக்கத்திடம் காட்ட வேண்டாம். அவர் அதையும் சுருக்கிவிடுவார்.

“                                        ”