பழைய கல்யாணங்களுக்கு விலக்கு

சமுதாயத்தைத் திருத்த வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் தன்னந்தனியாகத்தான் நின்றிருக்கிறார்கள். சைனுதீனும் மகள் ஷஹ்லாவின் நிக்காஹ் நாளன்று காலையில் தன்னந்தனியாகத்தான் நின்றார், மனைவியின் பீரோவுக்கு முன்னால், கொத்தில் எந்தச் சாவி பொருந்தும் என்று தெரியாமல்.

முதலமடையில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் சைனுதீன், பள்ளிவாசல் மஹல்லு கமிட்டியின் செயலாளரும் ஆவார். பதவிக்கு வந்த கையோடு, கல்யாணங்களில் மார்க்கத்துக்குப் புறம்பான வழக்கங்களை ஒழிப்பது என்று தீர்மானம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை குதிரையில் வரக்கூடாது என்பது முதல் விதி. முதலமடை வட்டாரத்தில் குதிரையே கிடையாது என்பதால் அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் அன்றைக்கே அமலுக்கு வந்தது. பெண்கள் குலவை போடக்கூடாது என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் கருகமணி.

நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ, கறுப்பு மணிகளும் தங்கக் குண்டுகளும் கோத்த மாலையைப் பெண்ணின் கழுத்தில் கட்டுவது ராவுத்தர் வீட்டு வழக்கம். "அது தாலிக்குத் தங்கச்சி. நம்முளுக்கு எதுக்குங்க அது?" என்று சைனுதீன் கூட்டத்தில் கேட்டபோது இளவட்டங்கள் கை தட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "அப்ப ஊட்டுல இருக்கறவிய கழுத்துல கெடக்கறதுங்க?" என்றார். சைனுதீனுக்குத் தன் வீட்டில் இருப்பவள் கழுத்து நினைவுக்கு வந்தது. 'பழைய கல்யாணங்களுக்கு விலக்கு' என்று அங்கேயே ஒரு வரி சேர்க்கப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சௌதா தீர்மானத்தை எதிர்க்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது வேறு யாருடைய வீட்டுக்கோ போட்டது. ஷஹ்லாவுக்குச் சம்பந்தம் பேசி முடித்த அன்றே, தன் அம்மாவின் கருகமணியை ஆசாரியிடம் கொடுத்து மாற்றிக் கோத்து வைத்துவிட்டாள்.

"வெறுங்கழுத்தோட எம்புள்ளைய அனுப்பமாட்டனுங்க. மையத்து உழுந்த ஊட்டுல இருந்து போற மாதர. மாப்பிள பாசிலோட அக்கா கையில நானே குடுக்கறன். அவ கட்டட்டும்."

"அவ அரபிக் காலேஜுல படிச்சவ, சௌதா. சிரிப்பா."

"சிரிச்சுட்டே கட்டட்டும்."

சைனுதீனின் பயம் ஊரைப் பற்றியது மட்டுமல்ல. சம்பந்தி மீராசா குமுளியில் ஏலக்காய்க் கடைக்காரர். மாப்பிள்ளை பாசில் ஷார்ஜாவில் வேலையில் இருக்கிறான். அவன் அக்கா ஃபர்ஸானா கண் மட்டும் தெரியும்படி பர்தா போடுகிறவள். பெண் பார்க்க வந்த நாளில் அவர்களிடம் தீர்மானத்தைப் பற்றி சைனுதீன் முக்கால் மணி நேரம் பேசினார். அவர்கள் ஏலக்காய் டீ டம்ளரைப் பிடித்தபடி தலையாட்டினார்கள். இத்தனை பேசிய வீட்டிலிருந்தே கருகமணி வந்தால், மலை இறங்கி வந்தவர்கள் மலை ஏறும்வரை சிரிப்பார்கள்.

கடைசிச் சாவி பொருந்தியது. பட்டுப் புடவைகளுக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றிக் கருகமணி இருந்தது. சைனுதீன் துணியை அங்கேயே விட்டுவிட்டு மாலையை மட்டும் எடுத்து ஜிப்பாப் பையில் போட்டு, மேலே கைக்குட்டையைத் திணித்தார். திருட்டு என்று அவருக்குத் தோன்றவில்லை. பறிமுதல் என்று தோன்றியது.

ஆடிட்டோரியத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே பச்சைத் திரை. பெண்கள் பக்கம் கேமரா போகக்கூடாது என்று வீடியோக்காரன் வினோவிடம் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முன்வரிசையில் பக்கத்துத் தோப்பு ரத்தினசாமிக் கவுண்டர், வெள்ளை வேட்டியில், தன் வீட்டுக் கல்யாணம் போல எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நிக்காஹ் நடத்தும் அசரத் வருவதற்குச் சற்று முன்னால் திரையின் ஓரம் விலகியது. சௌதா நின்றாள். முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருந்தது.

"ஏனுங்க, பீரோவத் தொறந்தீங்களா?"

"எனக்கேது நேரம்?"

"துணி இருக்குது. மணியக் காணோம்."

"நல்லாத் தேடிப் பாரு."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு தன் கழுத்தில் கை வைத்து, பின்பக்க முடிச்சைத் துழாவ ஆரம்பித்தாள். தன்னுடையதைக் கழற்றி மகளுக்குக் கொடுக்கப் போகிறாள் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. தான் உயிரோடு நிற்கையில் மனைவி அதைக் கழற்றுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. இது மார்க்கத்தில் இல்லாத உணர்ச்சி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சௌதா, அத விடு" என்றார். அதற்குள் திரை மூடிவிட்டது.

நிக்காஹ் முடிந்தது. துஆ முடிந்தது. செயலாளர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்தார்கள். மாங்காய் பழுக்கிற மாதத்து வெக்கை. சைனுதீன் மைக்கைப் பிடித்து, "இன்னிக்கு நம்ம மஹல்லுல ஒரு புது சரித்திரம்..." என்று தொடங்கி, நெற்றியைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினார். கருகமணியும் கூடவே வந்து மேடையில் விழுந்தது. மைக் பக்கத்தில் இருந்ததால் விழுந்த சத்தம் சமையற்கட்டு வரைக்கும் கேட்டது.

"ஏனுங்க ராவுத்தரே! கருகமணி உழுந்துருச்சுங்கோ!" ரத்தினசாமி தாவி மேடையேறினார். சைனுதீனின் காலடியிலிருந்து அதை எடுத்து, தூசி ஊதி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "நல்ல நாளும் அதுவுமா கீழ கெடக்கலாமுங்களா?"

மஹல்லு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. இளவட்டங்களில் ஒருவன் இருமினான். சைனுதீன் வாயைத் திறந்தார். பறிமுதல் என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் பறிமுதலென்றால் யாரிடமிருந்து என்று கேட்பார்கள்.

அந்த நேரத்தில்தான் சம்பந்தி மீராசா எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"சம்மந்தி, இப்பத்தான்யா எனக்கு மூச்சே வருது! நீங்க தீர்மானம் போட்ட ஆளு, கேக்க பயமா இருந்துச்சு. எங்க வீட்டுப் பொம்பளைக ஒரு வாரமா எங்கூடப் பேசல." கைப்பையிலிருந்து ஒரு நகைப் பெட்டியை எடுத்துத் திறந்தார். அதிலும் ஒரு கருகமணி. "ஃபர்ஸானாதான் கடையில உக்காந்து ஒவ்வொரு மணியாப் பொறுக்குனா. பட்டிக்காட்டு ஆளுகன்னு நீங்க நெனச்சுருவீகளோன்னு பையிலயே வச்சிருந்தேன்."

"நானுமுங்க" என்றார் சைனுதீன். மைக் இன்னும் கையில் இருந்தது.

ரத்தினசாமி இரண்டு மாலைகளையும் தாம்பாளத்தில் வைத்துத் திரையின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். உள்ளிருந்து ஒரு வளையல் கை நீண்டு வாங்கிக்கொண்டது. பிறகு குலவை எழுந்தது. முதலில் ஒரு குரல், அது குமுளிப் பக்கத்துக் குரலாக இருக்கவேண்டும், அத்தனை நீளம். அப்புறம் எத்தனை குரல் என்று சொல்லமுடியாது. இரண்டாவது விதியும் போயிற்று. குதிரை விதி மட்டும் நின்றது.

பிரியாணிப் பந்தியில் சௌதா அவரைக் கடந்து போனாள். அவளுடைய கருகமணி கழுத்திலேயே இருந்தது, முடிச்சு மட்டும் கொஞ்சம் தளர்ந்து.

"பாக்கெட்டுல பத்தரமா வெச்சிருந்தீங்களாக்கும்" என்றாள்.

"ஆமா" என்றார் அவர்.

"தேடிப் பாருன்னீங்க."

அவர் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் பக்கம் கேமரா போகாததால், ஷஹ்லாவுக்குக் கருகமணி கட்டியது கல்யாண வீடியோவில் இல்லை. சைனுதீனின் பையிலிருந்து அது விழுவது இருக்கிறது. வினோ அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, பின்னால் வீணை போட்டிருக்கிறான். மூன்று தடவை விழுகிறது. மூன்று தடவையும் சைனுதீன் அதைக் காலால் மூடப் பார்க்கிறார்.