பிரிந்திருப்பதற்கான பெஞ்சு

ஒவ்வொரு வாய்தாவுக்கும் குடும்ப நீதிமன்றத்து வராந்தா ஒரு பெஞ்சு நீளம் வளரும். இது ஊரறிந்த விஷயம். வசுமதி வழக்குப் போட்டபோது வாசலிலிருந்தே நீதிபதி தெரிந்தார். இப்போது அவர் அறைக்கு ஷேர் ஆட்டோ ஓடுகிறது.

அவளும் கதிரேசனும் பிரிந்து வாழலாம் என்று இதே நீதிமன்றம்தான் முன்பு உத்தரவு போட்டது. ஒரு வருஷம் சேராமல் இருந்து காட்டு, பிறகு விவாகரத்து கேள் என்பது சட்டம். அவளும் அந்த ஒரு வருஷம் அவன் இருந்த தெருப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவளுக்கு வேண்டியது தனக்கென்று ஓர் அறை, அதில் யாரும் தொண்டையைச் செருமாத ஒரு காலை. கதிரேசன் விடிந்ததும் செருமத் தொடங்குவான். காபி வந்தால்தான் நிறுத்துவான்.

ஒரு வழக்குக்கு ஒரு பெஞ்சு. வழக்கு முடிகிறவரை இருவரும் அதில்தான் இருக்க வேண்டும். எழுந்து வெளியே போனால் மனு தள்ளுபடி. முதல் வாய்தாவுக்கு வக்கீல் வரவில்லை. அடுத்ததற்கு வக்கீல் வந்தார், வழக்குக் கட்டு வரவில்லை. இன்னொரு நாள் நீதிபதி வந்திருந்தார், அவருடைய நாற்காலி லீவில் போயிருந்தது. நின்றுகொண்டு விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லையாம். என்னத்தைச் சொல்ல.

பெஞ்சுக்குப் பால்காரர் வர ஆரம்பித்தார். கேஸ் இணைப்பு வந்தது. வாக்காளர் அட்டையில் பெஞ்சின் எண் ஏறியது. வசுமதிக்குக் காதோரம் நரைத்தது.

"உப்பு இருக்கா?" என்று கதிரேசன் கேட்டான்.

"என்கிட்ட பேசாதீங்க. நாம பிரிஞ்சிருக்கோம்," என்று டப்பாவை நகர்த்தினாள்.

ஒருவழியாக டவாலி அவர்கள் பெயரைக் கூப்பிட்டார். ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து போனார்கள்.

நீதிபதி கட்டைப் பிரிக்கவே இல்லை.

"எங்கம்மா குடியிருக்கீங்க?"

"இங்கதாங்கய்யா. வராந்தாவுல."

"அவரு?"

"அவரும் அங்கதான்."

"தனித்தனி பெஞ்சா?"

"ஒரே பெஞ்சுதான். நீங்கதானே உக்காரச் சொன்னீங்க."

நீதிபதியின் முகம் மலர்ந்தது. "அப்ப சேர்ந்து வாழ்றீங்க. பிரிவு உத்தரவு ரத்து. விவாகரத்து மனு தள்ளுபடி."

வசுமதி ஓரடி முன்னால் வந்தாள். "நீங்க அன்னைக்கே தீர்ப்புச் சொல்லியிருந்தா நான் ஏங்கய்யா இங்க இருக்கேன்?"

"எனக்கும் விவாகரத்துதான் வேணும்," என்றான் கதிரேசன்.

"பாத்தீங்களா, எவ்வளவு ஒற்றுமை," என்றார் நீதிபதி. "அப்பீல் பண்ணிக்கலாம். அது முடியறவரைக்கும் வீட்ல இருங்க."

"எந்த வீட்லங்கய்யா?"

நீதிபதி வராந்தாவைக் காட்டினார்.

அவர்கள் திரும்பி வந்தபோது பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்று அட்சதை போட்டார்கள். அவள் அதைத் தலையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கதிரேசன் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். அந்தப் பெஞ்சில் தள்ளி உட்காரப் பெரிதாக இடம் கிடையாது.

புதிதாக வழக்குப் போட்டு வந்திருந்த ஒரு பெண் எதிர்ப் பெஞ்சிலிருந்து அவளையே பார்த்தாள்.

"உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சுக்கா?"

"இன்னைக்குத்தான் ஆச்சு," என்றாள் வசுமதி.