கட்டைவிரலில் ஒரு புள்ளி

"கொஞ்சம் இருங்க" என்று யொன்ஹி சொன்னதும், தோசிக்கின் சடலத்தின் இடது கையைச் சணல் கோடித்துணியால் சுற்றப் போனவர் நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார். வலது கையும் கால்களும் முடிந்திருந்தன. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து அறை குளிர்ந்து கிடந்தது. அவள் கணவனின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

முந்தாநாள் மதியம், குளிர் நூடுல்ஸ் சாப்பிட்ட கையோடு அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "செரிக்கல. குத்தி விடு" என்றான். தேகு நகரத்தில் செரிக்காவிட்டால் எல்லார் வீட்டிலும் அதுதானே வழக்கம். முதுகில் தட்டி, தோளிலிருந்து ரத்தத்தை நீவி இறக்கி, கட்டைவிரலை நூலால் இறுக்கி, நகத்தடியில் ஊசியால் குத்தினாள். கறுப்பாய் ஒரு சொட்டு வந்தது.

"பாத்தியா, எப்படிக் கறுத்திருக்கு! இப்பத் தேவல" என்றான்.

அவளும் நம்பினாள். பதினொரு வருஷமாக எலிகளின் இதயக் குழாயைக் கட்டி, பிறகு அவிழ்த்து, ரத்தம் திரும்பியதும் வெள்ளை அணுக்கள் அடிக்கும் கொட்டத்தை ஆராய்கிறவள்தான் நம்பினாள். மாரடைப்பு என்று தெரிவதற்குள் நாலு மணி நேரம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அடைப்பை நீக்கியதும் அவன் முகத்தில் நிறம் வந்தது. குழந்தை இல்லாத வீட்டில், அந்த வெள்ளை அணுக்களைத்தான் 'உன் பிள்ளைங்க' என்று கேலி செய்வான். அன்றும் விடவில்லை.

"உன் பிள்ளைங்க வந்துட்டாங்களா? அப்பாவ அடிக்க வேணாம்னு சொல்லி வை."

அவள் சிரித்தாள். மறுநாள் காலை அவன் இதயம் ஓய்ந்துவிட்டது. அந்தக் கேலியை இன்னும் ஒரே ஒரு தரம் கேட்டால் போதும் போலிருந்தது அவளுக்கு.

"குழாயத் திறந்துட்டாங்கன்னு சொன்னாங்களே" என்றாள் பக்கத்தில் நின்ற அவன் அக்கா மல்சுன். "ரத்தமும் ஓடுச்சு. அப்புறம் ஏன்டி செத்தான்? நீ படிச்சவ, சொல்லு."

"ரத்தத்தோட வெள்ளை அணுவும் வரும் அண்ணி. வாடிக் கிடந்த சதையப் பாத்ததும் கூட்டமா உள்ள பூந்துடும். விஷத்தக் கொட்டும், சின்னக் குழாயெல்லாம் அடைச்சுக்கும். பொழைக்கிற சதையும் செத்துப்போகும். கெடுக்கணும்னு வரல, காப்பாத்தத்தான் வருது."

"முன்னாடியே கொண்டு போயிருந்தா?"

ஊசியைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அண்ணியும் வெறுத்துவிட்டால் தோசிக்கைப் பற்றிப் பேசவே ஆள் இருக்காது. ஆனாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"பொழைச்சிருக்கலாம் அண்ணி. செரிக்கலன்னு நெனச்சு நான் விரலக் குத்திட்டு உக்காந்திருந்தேன். நாலு மணி நேரம்."

மல்சுன் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணியோடு நின்றவர் சுவரைப் பார்த்தார்.

"அழுதானா?" என்று கடைசியில் கேட்டாள். "சின்ன வயசுல நான் குத்தினா தெருவே கூடிடும்."

"இல்ல அண்ணி. இன்னொரு கையையும் நீட்டினாரு."

மல்சுன் மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். "எந்த விரல்? காட்டு."

யொன்ஹி காட்டினாள். நகத்தடியில் கடுகளவு ஒரு புள்ளி. அதற்கும் வந்திருந்தார்கள் அவளுடைய பிள்ளைகள். காயம் சுத்தமாக மூடியிருந்தது.

"சுத்தலாமாம்மா?" என்றார் துணியோடு நின்றவர்.

மல்சுன் தலையசைத்தாள். யொன்ஹி அந்த விரலை இன்னும் விடவில்லை.