பாதி போன சிவப்பு முனை

அனுசுயா வேலைக்குச் சேர்ந்து ஆறு மணி நேரம் ஆகிறது. அதற்குள் ஒன்பது தடவை தண்ணீர் குடித்துவிட்டாள். தாகம் ஒன்றும் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிப் பாகங்கள் செய்கிற கம்பெனி. காலையில் சூப்பர்வைசர் பூபாலன் ஒரு ட்ரேயைக் காட்டி, "இத பாத்து ஓகே பண்ணிடும்மா, நாலு மணிக்கு லாரி" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குள் போனவர்தான்.

ட்ரேயில் இருநூறு இரும்பு வளையம். கையில் ஓட்டையின் அளவு பார்க்கிற கேஜ் ஒன்று. அதன் பச்சை முனை ஓட்டைக்குள் போகணும், சிவப்பு முனை போகக் கூடாது. டிப்ளமோவில் இதற்கு எட்டு மார்க். எட்டையும் வாங்கியவள் அவள். இங்கேயோ சிவப்பு முனை பாதி போய் நின்றது. பாதியைப் பற்றிப் புத்தகம் வாயே திறக்கவில்லை.

மெஷின் ஓட்டும் துலுக்கானத்திடம் போனாள். "அண்ணா, சிவப்பு பாதி போவுதே?"

"பாதி போச்சுன்னா பாதி ஓகே. இன்னாத்துக்கு இம்மாம் ரோசன? ட்ரேல பச்ச சீட்டக் கட்டிடு, மால் லாரில ஏறட்டும்."

"கட்டாதடி" என்றாள் பாக்கிங் நாகவல்லி. "போன மாசம் கட்டுன பையன் இப்போ பூந்தமல்லில செல்போன் கவர் வித்துகினு கீறான்."

"நல்லாத்தான் கீறான்" என்றார் துலுக்கானம்.

பூபாலனுக்கு மூன்று தடவை போன் அடித்தாள். மூன்று தடவையும் கட் செய்தார். வாசலில் லாரி ஹாரன் அடித்தது. பச்சைச் சீட்டு கட்டி மால் திரும்பி வந்தால் வேலை போச்சு. சிவப்புச் சீட்டு கட்டினால் இருநூறும் குப்பை. அப்போதும் வேலை போச்சு. மூலையில் மஞ்சள் சீட்டுக்கட்டு, போட்ட ரப்பர் பேண்டு கழற்றாமல் கிடந்தது. மேலே அச்சடித்திருந்தது: 'நிறுத்தி வை'. ஒன்றை உருவிக் கட்டினாள். காரணம் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினாள்.

ஐந்தே நிமிடத்தில் பூபாலன் ஓடி வந்தார். "எவன்யா வண்டிய நிறுத்துனது?"

"நான்தான் சார். சிவப்பு பாதி போவுது. பாதிக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

கேஜைப் பிடுங்கிச் செருகினார். பாதி. சட்டையில் துடைத்துச் செருகினார். பாதி. வேறு வளையம் எடுத்தார். அதுவும் பாதி. மேனேஜருக்குப் போன் போட்டார். "சார், பாதி போவுது... இல்ல சார், அத்ததான் நான் உங்களக் கேக்குறேன்."

லாரி காலியாகவே கிளம்பியது.

"உன் ஷூ சைஸ் இன்னா?" என்றார் பூபாலன்.

ஷூ சைஸ் கேட்டு வேலையை விட்டு அனுப்புகிற கம்பெனியும் இருக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம். "ஆறு சார்."

"ஸ்டோர்ல சொல்லி கம்பெனி சேஃப்டி ஷூ வாங்கிக்கோ. நாளைக்கு எட்டு மணி."